எந்தப் பக்கம் திருப்பினால் மூடும்

மூன்று வருஷமாக நான் ஒரு மனிதருடைய தேநீரில் உப்புப் போட்டுக்கொண்டிருந்தேன். தினமும் ஒரு சிட்டிகை, கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அவர் ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை. டம்ளரை எடுப்பார், குடிப்பார், கழுவிக் கவிழ்ப்பார், வேலையைப் பார்க்கப் போவார். அந்த அமைதி என் வயிற்றெரிச்சலை இன்னும் கொஞ்சம் கிளறிவிடும்.

அவர் பள்ளத்துக்காரர், நான் மேட்டுக்காரி. இரண்டு பேருக்கும் பம்ப் ஹவுஸில் ஒரே ஷிஃப்ட், காலை ஆறிலிருந்து மதியம் இரண்டு வரை. அவரை நான் எந்த முறை வைத்தும் கூப்பிட்டதில்லை. ஐயா என்று சொல்ல நாக்கு எழவில்லை. அண்ணா என்று சொல்ல எனக்கு ஏற்கெனவே ஒரு அண்ணன் இருந்தார். ஆகவே 'இந்தாங்க' என்பதுதான் அவருக்கு நான் வைத்த பெயர். அவர் என்னை 'மேட்டம்மா' என்பார். மனசுக்குள் அவரை எதிராள் என்று வைத்திருந்தேன், இங்கேயும் அப்படியே சொல்லிவிட்டுப் போகிறேன்.

இந்த நகரத்துக்குத் தண்ணீர் ஒரே இடத்திலிருந்துதான் போகிறது. இரண்டு சனத்துக்கும் நடுவில், எல்லைக் கோட்டின் மேலேயே சப்பணமிட்டு உட்கார்ந்திருக்கிற பம்ப் ஹவுஸ். அங்கிருந்து இரண்டு பெரிய குழாய்கள் கிளம்புகின்றன. ஒன்று மேட்டுக்கு ஏறும், ஒன்று பள்ளத்துக்கு இறங்கும். தண்ணீருக்கு மேடு பிடிக்காது என்பது சின்னக் குழந்தைக்கும் தெரியும். பள்ளத்து வால்வை முழுசாகத் திறந்துவிட்டால் எல்லாத் தண்ணீரும் கீழே ஓடிவிடும், மேட்டில் குழாய் வெறும் காற்றைத் துப்பும். அதனால் பள்ளத்து வால்வை எப்போதும் பதினொரு சுற்றுதான் திறந்து வைப்போம். அப்போதுதான் இரண்டு பக்கமும் பிழைக்கும்.

சண்டை ஓய்ந்து ஒப்பந்தம் எழுதியபோது பம்ப் ஹவுஸை யாரிடமும் தனியாகக் கொடுக்கக் கூடாது என்று முடிவாயிற்று. அன்று முதல் அங்கே எல்லாமே இரட்டை. கதவுக்கு இரண்டு பூட்டு, வால்வைத் திருப்புகிற சக்கரங்களைக் கட்டியிருக்கிற சங்கிலிகளுக்கு இரண்டு பூட்டு, ஒரு ஷிஃப்டுக்கு இரண்டு ஆள். மேட்டு ஆள் வராவிட்டால் பள்ளத்து ஆள் வாசற்படியில் உட்கார்ந்து ஈ ஓட்ட வேண்டியதுதான். நகரத்தைப் பங்கு போட முடியாதவர்கள் சந்தேகத்தைச் சரிபாதியாகப் பங்கு போட்டுக்கொண்டோம்.

கூட்டுக் குழு எல்லா விஷயத்திலும் ஒத்துப்போய்விட்டது, ஒன்றைத் தவிர. அந்தக் காலத்தில் மேட்டுக் குழாயைப் போட்ட மேஸ்திரி வேறு, பள்ளத்துக் குழாயைப் போட்ட மேஸ்திரி வேறு. எங்கள் சக்கரம் வலது பக்கம் திருப்பினால் மூடும். அவர்களுடையது இடது பக்கம் திருப்பினால் மூடும். இனிமேலாவது இரண்டையும் ஒரே மாதிரி ஆக்கிவிடலாம் என்று வெளியூர் இன்ஜினியர் ஒருவர் வாயைத் திறந்துவிட்டார், பாவம். எட்டு மாதம் நடந்தது அந்தச் சண்டை. எங்கள் பாட்டன் திருப்பின பக்கம், உங்கள் பாட்டன் திருப்பின பக்கம் என்று மேஜையைக் குத்தினார்கள். கடைசியில் அவரவர் பக்கம் அவரவருக்கு என்று கையெழுத்துப் போட்டார்கள். இன்றைக்கும் புது வால்வு வாங்கினால் இரண்டு விதமாகத்தான் வாங்குகிறோம்.

நான் இந்த வேலைக்கு வந்தது சம்பளத்துக்காக இல்லை. எதிராளுக்காக வந்தேன்.

சண்டை மூண்ட முதல் நாளே மேட்டில் குழாய்கள் நின்றுபோயின. நாற்பத்தோரு நாள் ஒரு சொட்டு வரவில்லை. பள்ளத்தார் மூடிவிட்டார்கள் என்றது ஊர். பம்ப் ஹவுஸைச் சுற்றி இரண்டு பக்கத் துப்பாக்கியும் நின்றது, கிட்டே போக ஆளில்லை. ஆனால் பம்ப் ஓடுகிற சத்தம் மட்டும் ராப்பகலாக மேடு வரைக்கும் கேட்கும். உள்ளே தனியாக மாட்டிக்கொண்டு அதை ஓட்டிக்கொண்டிருந்தவர் யார் என்பது எல்லோருக்கும் தெரியும். அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே நான் சாக்கடை ஓரத்தில் குழி தோண்டி ஊறின தண்ணீரைத் துணியில் வடிகட்டினேன். விறகு தீர்ந்த பிறகு நாற்காலிக் கால்களை எரித்துக் காய்ச்சினேன். நாலாவது நாற்காலியின் கடைசிக் கால் பாதி கொதியிலேயே அணைந்துவிட்டது. அந்தப் பாதி கொதித்த தண்ணீரை என் கையால்தான் என் மகளுக்குக் கொடுத்தேன். அவளுக்கு நாலு வயது. முப்பத்து மூன்றாம் நாள் போய்விட்டாள்.

அவளைத் தோளில் போட்டுக்கொண்டு குண்டுச் சத்தத்துக்கு நடுவே டாக்டர் வீட்டுக்கு ஓடியவர் என் அண்ணன். போகும் வழியெல்லாம் அவள் அவர் காதுக்குள் ஒன்றையே சொல்லிக்கொண்டு போனாள். மாமா, ஒரு வாய் தண்ணி. அண்ணன் திரும்பி வந்து வாசலில் நின்றபோது அவர் சட்டைத் தோள் ஈரமாக இருந்தது. அவள் உடம்பில் அவ்வளவு ஈரம் எங்கே மிச்சமிருந்தது என்று நான் பைத்தியம் மாதிரி கேட்டேன். என் வீட்டுக்காரர் அதற்குப் பிறகு பேச்சைக் குறைத்தார், பிறகு சாப்பாட்டைக் குறைத்தார், ஒரு நாள் ஊரை விட்டே போனார்.

அண்ணன் அப்போது பஸ் டிரைவர். அவர்கள் எங்கள் தண்ணீரை மூடினதும், நாலு பேரைக் கூட்டிக்கொண்டு விடியற்காலையில் பம்ப் ஹவுஸுக்குள் புகுந்து அவர்களுடைய தண்ணீரையும் மூடிவிட்டு வந்தார் என்பதுதான் மேட்டின் வீரக் கதை. சக்கரத்தை அது நிற்கும் வரைக்கும் திருப்பி, யாரும் திரும்பத் தொட முடியாதபடி பஸ்ஸின் டயர் ஸ்பேனரைக் கம்பிகளுக்கு நடுவே செருகி அடித்துவிட்டு வந்தாராம். அதிலிருந்து ஊருக்கு அவர் 'பூட்டு'. அந்தப் பெயரிலேயே தேர்தலில் நின்று கவுன்சிலரும் ஆகிவிட்டார். எது முன்னால் நடந்தது, எது பின்னால் நடந்தது என்று யாரும் அவரைக் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

வருஷா வருஷம், தண்ணீர் திரும்பி வந்த தேதியில், பம்ப் ஹவுஸ் முற்றத்தில் எங்கள் கேட்டுக்குப் பக்கத்தில், மேட்டுக் குழாயிலிருந்து பிரித்து வைத்திருக்கிற நினைவுக் குழாயின் முன்னால் கூட்டம் நடக்கும். அண்ணன் பேசுவார். எப்படி மூடினேன் என்று சொல்லும்போது இரண்டு கையாலும் காற்றில் ஒரு சக்கரத்தைப் பிடித்து வலது பக்கமாகச் சுற்றிக் காட்டுவார். கூட்டமே சேர்ந்து சுற்றும். பேச்சை முடித்ததும் நினைவுக் குழாயில் ஒரு டம்ளர் தண்ணீர் பிடித்து, தலையை அண்ணாந்து ஒரே மூச்சில் குடிப்பார். அதற்குத்தான் கைதட்டல் அதிகம்.

நான் பம்ப் ஹவுஸ் வேலைக்கு மனுப் போட்டபோது அவர் ஒரே பிடியாக வேண்டாம் என்றார். அந்த இடத்தைப் பார்த்தால் உனக்கு மனசு தாங்காது, வேறு எங்கேயாவது வாங்கித் தருகிறேன் என்றார். தங்கச்சி மேல் எவ்வளவு பாசம் என்று உருகிப்போனேன்.

எதிராளை என்ன செய்வது என்று எனக்கு நிறைய யோசனைகள் இருந்தன. உப்பு என்பது சும்மா கோபத்தை ஆறவிடாமல் வைத்துக்கொள்ளத்தான். பெரிய வாய்ப்பு வரும் என்று காத்திருந்தேன், வந்தது. சண்டை முடிந்த சமயத்தில் வெளியூர் இன்ஜினியர்கள் அவசர அவசரமாகப் பள்ளத்துக் குழாயில் கொஞ்சம் தள்ளி ஒரு தற்காலிக வால்வைப் போட்டுவிட்டு, பழைய வால்வு இருந்த குழியை அப்படியே கான்கிரீட் பலகையால் மூடிவிட்டுப் போயிருந்தார்கள். இந்த வருஷம் அந்தக் குழியை உடைத்து, பழையதை எடுத்துவிட்டுப் புது வால்வு வைக்கச் சொல்லி உத்தரவு. பழைய வால்வு ஆறு மூட்டை சிமென்ட் கனம். செயின் கப்பியில் கட்டித் தூக்க வேண்டும். குழிக்குள் நின்று வழிகாட்டுவது அவர், மேலே சங்கிலியைப் பிடிப்பது நான். கை வழுக்கிவிட்டது என்று சொன்னால் யார் என்ன செய்ய முடியும்? கையில் கிரீஸ் இல்லாத பம்ப் ஆபரேட்டர் உண்டா?

பலகையை உடைத்துச் சேற்றை வாரினதும் முதலில் தெரிந்தது அண்ணனுடைய டயர் ஸ்பேனர். சக்கரத்தின் கம்பிகளுக்கு நடுவே செருகி, பக்கத்துச் சுவர்க் கொக்கியில் முட்டி, இரண்டும் ஒன்றாகத் துருப்பிடித்துப் போயிருந்தது. பஸ் நம்பர் கூட அதில் வெட்டியிருந்தது. எனக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. கதை கதை என்று சொல்கிறார்களே, இதோ அப்படியே இருக்கிறது, அவர் அடித்த பூட்டை இத்தனை வருஷத்தில் ஒருத்தராலும் அசைக்க முடியவில்லை. எதிராள் ஸ்பேனரை வெட்டி எடுத்து என் கையில் கொடுத்துவிட்டுக் குழாய் போல்ட்டுகளைக் கழற்ற ஆரம்பித்தார்.

வால்வு மேலே வந்தது. அவருடைய இடது கால் சரியாக அதற்குக் கீழே இருந்தது. இந்தக் கணத்தை நான் எத்தனையோ தடவை மனசுக்குள் ஓட்டிப் பார்த்திருந்தேன். விரல்களைத் தளர்த்த வேண்டியதுதான் பாக்கி. அப்போது வால்வு சங்கிலியில் மெல்லச் சுழன்று என் பக்கம் வாயைத் திருப்பியது. அதன் வழியாக எனக்கு எதிர்ச் சுவர் தெரிந்தது. சுவரில் இருந்த ஜன்னலும் தெரிந்தது.

மூடின வால்வில் உள்ளே இருக்கிற இரும்புக் கதவு இறங்கி வழியை அடைத்திருக்கும். இதில் கதவு உச்சிக்கு ஏறிப் போயிருந்தது. அண்ணன் அடித்த பூட்டு அசையவில்லை. அப்படியானால் அண்ணன் விட்டுப்போன நிலையில்தான் கதவும் நின்றது. முழுசாகத் திறந்து நின்றது.

சங்கிலியை இறுக்கிப் பிடித்து, குழிக்குள் ஓரமாகப் போட்டிருந்த மரப்பலகைமேல் வால்வை இறக்கினேன். கால் தப்பித்தது. கீழே குதித்து, வாளி வாய் அகலத்துக்கு இருந்த அந்த ஓட்டைக்குள் கையை விட்டுத் துழாவினேன், கண்ணை நம்பாமல். பிறகு ஸ்பேனரை ஓங்கிக்கொண்டு எதிராளிடம் போனேன். என்ன நடந்தது என்று ஒழுங்காகச் சொல்லும்படி கேட்டேன்.

அவர் பின்வாங்கவில்லை. "நான் எண்ணெய் ட்ரம்முக்குப் பின்னாடி ஒளிஞ்சிருந்தேன். அஞ்சு பேர் வந்தாங்க. டிரைவர் சட்டை போட்டவர்தான் சக்கரத்தைப் புடிச்சாரு. உங்க பக்கம் எப்படி மூடுவாங்களோ அப்படியே வலது பக்கமாத் திருப்பினாரு. மூடுறோம்னு நெனச்சு எங்க வால்வை முழுசாத் திறந்து, பூட்டும் போட்டுட்டுப் போயிட்டாரு."

"எங்க வால்வை யார் மூடினது?"

"யாரும் மூடல. அதை யாரும் தொடவே இல்ல, மேட்டம்மா. தண்ணி பூராவும் கீழ இறங்கிடுச்சு."

 ஆனாலும் விடவில்லை. மூன்று வருஷம் இந்த வேலை பார்த்தவள் நான். சக்கரம் மாட்டிக்கொண்டால் என்ன, வேறு வழியே இல்லையா என்று கேட்டேன். அவர் உட்கார்ந்தார். சேற்றிலேயே உட்கார்ந்தார்.

"இருந்துச்சு. எங்க தெருமுனையில நாலு சின்ன வால்வு இருக்கு. நாலையும் பாதி மூடியிருந்தா உங்களுக்கு ஏறியிருக்கும். அரை மணி நேர வேலை. ராத்திரி எனக்குச் சோறு கொண்டுவந்த எங்க ஆள்கிட்டச் சொல்லி விட்டிருந்தாக்கூடப் போதும். ரெண்டாம் நாள் என் தம்பியக் கொன்னு தெருவுல போட்டாங்க உங்க ஆளுங்க. உங்க ஆள் திறந்துவிட்டதை நான் ஏன் மூடணும்னு உக்காந்துட்டேன். நாப்பத்தோரு நாளும் உக்காந்திருந்தேன்."

இத்தனை நாள் ஏன் வாயைத் திறக்கவில்லை என்று கேட்டேன். சொல்லியிருந்தால் நீங்கள் நம்பியிருப்பீர்களா என்று திருப்பிக் கேட்டார். பிறகு தலையைக் குனிந்துகொண்டு, "அந்த உப்பு டீ எனக்குச் சரியாத்தான் இருந்துச்சு" என்றார். அந்த ஆளின் மண்டையைப் பிளக்க அப்போதும் எனக்குக் கை அரித்தது. பிளக்கவில்லை. மண்டை பிளந்தால் வாய் பேசாது, எனக்கு இப்போது அவருடைய வாய் வேண்டியிருந்தது. இதை ஊருக்கு முன்னால் சொல்ல வேண்டும், உங்கள் தெருமுனை வால்வுகளையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்றேன். சரி என்றார்.

வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். அண்ணன் மேல் கோபம் வந்தது, ஆனால் அது வேறு மாதிரிக் கோபம். தெரியாமல் செய்தார். இந்த நகரத்தில்தான் அப்படி ஒரு தப்பைச் செய்ய முடியும். அண்ணன் பஸ்ஸைத் தவிர வேறு எதையும் திருப்பி அறியாதவர். இருந்தாலும் அவருக்கும் ஒரு அடி விழத்தான் வேண்டும். என் மகளின் சாவின் மேல் ஏறி நின்று வருஷா வருஷம் கைதட்டல் வாங்கினவர் ஒரு தடவையாவது கூட்டத்துக்கு முன்னால் கூனிக் குறுக வேண்டும். அதற்குப் பிறகு இரண்டு பேரும் ஒருவர் கழுத்தை ஒருவர் கட்டிக்கொண்டு அழலாம் என்று கணக்குப் போட்டேன்.

புது வால்வைத் தரைக்கு மேலே, ஒரு தூணில் சக்கரம் வைத்துப் பொருத்தினோம். நினைவு நாளில் இரண்டு பக்கமும் சேர்ந்து அதைத் தொடங்கிவைப்பதாகக் கூட்டுக் குழு முடிவு செய்தது. 'பூட்டு' தன் கையாலேயே அன்றைக்கு மூடினதுபோல் மூடிக் காட்டட்டும், பிறகு இரண்டு சனமும் சேர்ந்து திறக்கலாம், ஒற்றுமைக்கு ஒற்றுமையும் ஆகும் என்று நான்தான் யோசனை சொன்னேன். குழுவுக்கு அது தேன் மாதிரி இனித்தது. சக்கரத்தில் எந்தப் பக்கம் மூடும் என்று காட்டுகிற அம்புக்குறி இருந்தது. அது தெரியாதபடி சிவப்பு ரிப்பனைச் சுற்றி அழகாக முடிச்சுப் போட்டவளும் நான்தான்.

அன்று முற்றம் நிறைந்திருந்தது. நடுவில் கயிறு, அந்தப் பக்கம் அவர்கள், இந்தப் பக்கம் நாங்கள். நினைவுக் குழாய் காலையிலிருந்தே ஓடிக்கொண்டிருந்தது. அண்ணன் வெள்ளைச் சட்டையில் வந்து பேசினார். பள்ளத்தார் காது கேட்க மூடின கதையைச் சொல்வதில் அவருக்குத் தனிக் குஷி. காற்றில் சக்கரத்தைப் பிடித்து வலது பக்கமாகச் சுற்றினார். எங்கள் கூட்டமும் வலது பக்கமாகச் சுற்றியது.

நானும் எதிராளும் எங்கள் சாவிகளைப் போட்டுச் சங்கிலியைக் கழற்றினோம். அண்ணன் தூணுக்கு வந்தார். சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டார். ரிப்பனை ஒரு பார்வை பார்த்தார். பிறகு இரண்டு கையாலும் சக்கரத்தைப் பற்றி, கொஞ்சமும் தயங்காமல், இடது பக்கம் திருப்பினார்.

பதினொரு சுற்று. வால்வு மூடிக்கொண்டது. அவருக்குப் பின்னால் நினைவுக் குழாய் பொங்கித் தண்ணீர் சிதறியது. கூட்டம் ஆரவாரம் செய்தது.

 ஐந்து நிமிஷத்துக்கு முன்னால் காற்றில் வலது பக்கம் திருப்பின கை, இரும்பைத் தொட்டதும் இடது பக்கம் போகிறது. இவருக்குத் தெரிந்திருக்கிறது. வலது பக்கம் திருப்பினால் தனக்குப் பின்னால் குழாய் செத்துப்போகும் என்று தெரிந்திருக்கிறது. நான் எதிராளைப் பார்த்தேன். அவருக்கும் விளங்கிவிட்டது.

அண்ணன் அருகே போய், சிரித்த முகத்தை வைத்துக்கொண்டே கேட்டேன். "எப்ப தெரியும் உனக்கு?"

அதெல்லாம் இப்போது எதற்கு என்றார். கை தட்டுகிறவர்களைப் பார்த்துக் கை ஆட்டினார். நான் கேள்வியை மாற்றவில்லை. மூன்றாம் தடவை கேட்டபோது உதடு அசையாமல் சொன்னார்.

"பத்தொன்பதாம் நாள். பழைய பிளம்பர் ஒருத்தர் வந்து சொன்னாரு, அவங்க சக்கரம் நேர்மாறுன்னு. அப்ப ஊரே என்னைத் தலையில தூக்கி வச்சிருந்துச்சு. சொல்லியிருந்தா என்னைக் கிழிச்சிருப்பாங்கம்மா."

பத்தொன்பதிலிருந்து முப்பத்து மூன்று வரைக்கும் பதினாலு நாள். ஒரு வெள்ளைத் துணியைக் கட்டி ஒருத்தரை அனுப்பி, ஐயா, தப்பு எங்களுடையது, உங்கள் தெருமுனை வால்வைக் கொஞ்சம் மூடுங்கள் என்று கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் செய்திருப்பார்களோ மாட்டார்களோ, அண்ணன் கேட்கவே இல்லை. அந்தப் பதினாலு நாளில்தான் என் மகளை மடியில் போட்டுக்கொண்டு விசிறினார். அந்தப் பதினாலு நாளில்தான் அவள் அவர் தோளில் கிடந்து காதுக்குள் கேட்டாள். மேட்டில் ஒருவர் வாயை மூடிக்கொண்டிருந்தார், பள்ளத்தில் ஒருவர் வாயை மூடிக்கொண்டிருந்தார். இந்த நகரத்தில் இரண்டு சனமும் சேர்ந்து செய்த முதல் காரியம் அதுதான். கட்டிப்பிடித்து அழலாம் என்று நான் போட்டிருந்த கணக்கெல்லாம் எங்கே போயிற்றோ தெரியவில்லை.

மைக்கை நான் எடுத்தேன். கீழே சாக்குப் பையில் வைத்திருந்த டயர் ஸ்பேனரை எடுத்துத் தூக்கிக் காட்டினேன். பஸ் நம்பரை வாசித்தேன். எதிராளைக் கூப்பிட்டேன்.

அவர் சொன்னபடி சொன்னார். ட்ரம்முக்குப் பின்னால் இருந்தது, வலது பக்கம் திருப்பினது, கதவு உச்சியில் நின்றது, நாலு தெருமுனை வால்வுகள், அரை மணி நேரம், தம்பி, உட்கார்ந்திருந்தது. ஒன்றையும் விடவில்லை. கயிற்றுக்கு அந்தப் பக்கத்திலிருந்தே அவரை வாயை மூடச் சொல்லிக் கத்தினார்கள். அவருடைய மருமகன் காறித் துப்பிவிட்டு கேட்டைத் தாண்டிப் போனார். இந்தப் பக்கத்தில் பொய், பொய் என்று கூச்சல். என் அண்ணன் மகன்கூட என்னைப் பார்த்து விரலை நீட்டினான்.

"பொய்யா உண்மையான்னு நீங்களே பாருங்க" என்றேன். "உங்க பூட்டு அன்னைக்கு எப்படித் திருப்பினாரோ அப்படித் திருப்புறேன். வருஷா வருஷம் நீங்களும் சேர்ந்து திருப்புவீங்களே, அதே பக்கம்."

சக்கரத்தைப் பிடித்து வலது பக்கம் திருப்பினேன். எதிராள் உதவிக்குக் கை நீட்டினார். தள்ளி நிற்கச் சொன்னேன். பத்து, இருபது, முப்பது என்று சத்தமாக எண்ணிக்கொண்டே திருப்பினேன். இருபதில் நினைவுக் குழாயின் வேகம் குறைந்தது. முப்பதில் நூலாக மெலிந்தது. நாற்பத்திரண்டில் சக்கரம் முட்டி நின்றது. குழாய் இரண்டு தடவை செருமியது, பிறகு அதிலிருந்து காற்று மட்டும் வந்தது. கயிற்றுக்கு அந்தப் பக்கத்தில், கேட்டுக்கு வெளியே அவர்களுடைய தெருக் குழாய் பீய்ச்சி அடிக்கிற சத்தம் எல்லோருக்கும் கேட்டது. கூச்சல் போட்டவர்கள் எல்லாம் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நின்றார்கள். அந்தச் சத்தம் அவர்களுக்கு நன்றாகவே ஞாபகம் இருந்தது.

சங்கிலியைச் சுற்றினேன். என் பூட்டைப் போட்டேன். எதிராளிடம் உங்கள் பூட்டையும் போடுங்கள் என்றேன். போட்டார். "நாப்பத்தோரு நிமிஷம்" என்று மைக்கில் சொன்னேன். "அதுக்குள்ள யாரும் சாவி கேட்க வேண்டாம்." கூட்டுக் குழுத் தலைவர் என்னிடம் ஓடி வந்தார். என்னைப் பார்த்தார், எதிராளைப் பார்த்தார். ஒப்பந்தப்படி இரண்டு சாவியும் இல்லாமல் அந்தச் சங்கிலியை யாரும் தொட முடியாது. திரும்பிப் போய்த் தன் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார்.

வெயில் ஏறிக்கொண்டிருந்தது. கூட்டத்தில் யாரும் கலையவில்லை. எங்கள் பக்கத்தில் ஒரு அம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழ ஆரம்பித்தாள், அவளும் அந்த நாற்பத்தோரு நாளில் ஒரு பிள்ளையைப் பறிகொடுத்தவள். அவளைப் பார்த்து இன்னும் இரண்டு பேர். பிறகு ஒவ்வொருவராக எல்லோரும் அண்ணனைப் பார்க்க ஆரம்பித்தார்கள். அவர் பேச்சுக்குப் பிறகு குடிப்பதற்காக எடுத்து வைத்திருந்த வெள்ளி டம்ளர் அவர் கையிலேயே இருந்தது. நெற்றியிலிருந்து வியர்வை ஒழுகியது. நாக்கால் உதட்டைத் தடவினார். எச்சில் கூட வரவில்லை என்பது எனக்கு இங்கிருந்தே தெரிந்தது.

என் பக்கம் திரும்பினார். குரல் பிளந்து வந்தது. "ஒரு வாய் தண்ணி குடும்மா."

அந்த வார்த்தைகளை அவர் தெரிந்து சொல்லவில்லை. சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்தது, கண்கள் அப்படியே நிலைகுத்திவிட்டன. எனக்குச் சொந்தக் குடத்தில் குடிதண்ணீர் இருந்தது, ஷிஃப்டுக்குக் கொண்டு வருவது, கைக்கெட்டுகிற தூரத்தில். எதிராள் என்னைப் பார்த்தார். நான் குடத்தைப் பார்க்கவில்லை.

"குழாய்ல புடிச்சுக்கோ அண்ணா" என்றேன்.

அவர் போனார். கூட்டம் அவருக்கு வழி விட்டது. நினைவுக் குழாயின் முன்னால் குனிந்து, டம்ளரை அதற்குக் கீழே வைத்துக்கொண்டு நின்றார்.